கண்ணில் தெரியும் வெள்ளை

— கத்தியைக் கீழ வை மாப்ள. கூண்டுக்குள்ள இருக்கறதெல்லாம் மிரளும்.

— மிரளட்டும் மச்சான். எம் பொண்டாட்டி எங்க?

— இங்க வரல.

— வாசல்ல அவ செருப்பு கிடக்கு.

— அது கூட்டுற அம்மாவோடது.

— நான் வாங்கிக் குடுத்த செருப்பு எனக்குத் தெரியாதா? வாரு அறுந்திருக்கே, அது நான் அடிச்சப்ப அறுந்தது.

— பாவி. அவ கன்னத்துல போட்ட தையல் இன்னும் காயலடா.

— பாத்தியா! வரலேன்ன வாய்தான், தையல் காயலேங்குது. கூப்பிடு அவளை. எனக்கு இல்லேன்னா அவ எவனுக்கும் இல்ல. இன்னிக்கு முடிச்சிட்டுத்தான் போவேன்.

— மிருகம்டா நீ.

— மிருகத்தைக் கேவலப்படுத்தாத மச்சான். இத்தனை வருஷமா அதுங்க பீயை அள்றவன் நீ. அதுல ஏதாவது ஒண்ணு கத்தியைத் தீட்டி, துணியில சுத்தி, பஸ் ஏறி, ஜூ வாசல்ல வரிசையில நின்னு டிக்கெட் வாங்கிட்டு வருமா? நான் வந்திருக்கேன். மனுஷன்.

— வெளிய போடா.

— கையைக் குடு. குடுங்கறேன்ல.

— ஆ… ஐயோ!

— விரல்தான். ஒண்ணே ஒண்ணு. எங்க அவ?

— கொன்னாலும் சொல்லமாட்டேன்.

— சொல்ல வேணாம். பாரு, போதும். வெளிய போர்டு வெச்சிருக்கீங்களே, ‘மனிதனுக்கும் சிம்பன்ஸிக்கும் என்ன வித்தியாசம்?’னு.

— அது பசங்க படிக்க எழுதினது.

— நானும் படிச்சேன். அதுங்க கண்ணுல வெள்ளை தெரியாதாம். நம்ம கண்ணுல கருவிழியைச் சுத்தி வெள்ளையாம். அதனால ஒருத்தன் எங்க பாக்கறான்னு அடுத்தவனுக்குத் தெரிஞ்சிடுமாம். நல்ல போர்டு. நிமிரு. தீவன ரூம்ல இருக்காளா? … குளியலறையிலயா? … இந்த இரும்புக் கதவுக்குப் பின்னாலயா? … தோ, பாத்துட்டே!

— இல்ல. நான் பாக்கல.

— பாத்தே. பாத்துட்டுக் குனிஞ்சே.

— மாப்ள, அங்க போகாத. உன் காலைப் பிடிக்கிறேன்.

— நகருய்யா! வெளிய தாப்பா போட்டு ஒளிச்சு வெச்சிருக்கியா? தோ, திறந்துட்டேன். ஏய், வெளிய வாடி! என்ன இருட்டு இது… மூலையில ஒண்டிக்கிட்டா விட்டுடுவேனா? வாடி… மச்சான்? மச்சான்! கதவை ஏன் சாத்தறே?

— கண்ணாலயும் பொய் சொல்லலாம் மாப்ள. அதைப் போர்டுல எழுத விட்டுட்டாங்க.

— ஐயோ, இது குரங்கு!

— சிம்பன்ஸி. நாங்க பெரியவர்னு கூப்பிடுவோம். ஆளையே பிச்சுப் போட்டுடுவாரு.

— எழுந்திருக்குது மச்சான்! கத்தி விழுந்துடுச்சு! தெய்வமே, திற!

— அண்ணா! என்ன கூச்சல்?

— பரணை விட்டு இறங்காத பாப்பா.

— இறங்கிட்டேன். உள்ள யாரு, அவரா? தள்ளு, லைட்டைப் போடறேன்.

— கதவுக் கம்பி வழியா எட்டிப் பாக்காத. பெரியவர் முடிச்சிடுவாரு.

— எங்க முடிக்குது? உடம்பெல்லாம் நடுங்குது பாவம். மூத்திரமே போயிடுச்சு.

— அவனுக்கா?

— அதுக்கு. அண்ணா, கத்தியை எடுத்துட்டு இங்க வருது.

— சனியன்! உள்ள எது விழுந்தாலும் எடுத்துக் குடுக்கப் பழக்கினது நான்தான். குடுத்தா பழம் உண்டு.

— குடு பெரியவரே. கம்பி வழியா… அப்படித்தான். குடுத்துடுச்சு அண்ணா.

— அப்பாடா! உயிர் வந்தது. ஏய், நீதானே அது? பாத்தியா, வாயில்லா ஜீவன், எம்மேல நகம் படல. எனக்குப் புத்தி வந்துடுச்சுடி. இனிமே உம்மேல கை வெச்சா ஏன்னு கேளு. அண்ணங்கிட்ட சொல்லு, திறக்கட்டும்.

— திறண்ணா.

— அவன் பேச்சை நம்பறியா நீ?

— யாரு நம்பினா? பெரியவரைப் பக்கத்துக் கூண்டுக்கு அனுப்பிட்டு, என்னை உள்ள விட்டுச் சாத்து.