சிவப்பு இறக்கை

காற்றடிக்கும் நாளில் அந்தச் சிற்பத்தைப் பார்க்கக் கண் கொடுத்து வைத்திருக்க வேண்டும், ஐயா. அரசு அலுவலக வாசலில் நாற்பதடிக் கம்பம். உச்சியில் ஆளுயர எஃகு இறக்கைகள் பன்னிரண்டு, ஒன்று மட்டும் சிவப்பு. ஒவ்வொன்றும் நின்ற இடத்திலேயே சுழலும். என்ன உருவம் என்று எவருக்கும் தெரியாது. "சுத்துறதுதான் சுத்துது, எதையாவது அரைக்குதா பாரு" என்று வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

வாரம் ஒருமுறை ஏறி, போல்ட்டுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. மூன்று வருடம் முன்பு மேலே கால் வழுக்கியது. இடுப்புப் பட்டை தாங்கிக்கொண்டது, ஒரு கீறல்கூட இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலில் ஏணியே பேயாகிவிட்டது. நான்காவது படிக்கு மேல் ஏற முடியாமல் இறங்கிவிடுவேன். இந்த வயதில் இதை யாரிடம் சொல்வது? தரையில் நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடமும் ஒன்றும் விழவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசல் காவலாளி என் தங்கை புருஷன். நல்ல மனுஷன், அதுதான் தொந்தரவு. நாளெல்லாம் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சத்தம் மாறினால் தெரியாதா?

"மச்சான், அந்தச் சிவப்பு ரெண்டு நாளா கிரீச்சுன்னு கத்துதே. மேல போய்ப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மாப்பிள்ளை. கிரீஸ் போடணும், அவ்வளவுதான்."

அதில் ஒரு போல்ட் கழன்றிருந்தது. கீழிருந்தே எனக்குத் தெரிந்தது.

அவன் என் முகத்தையே பார்த்தான். "ஏறப் பயமா இருக்கா மச்சான்? என்கிட்ட என்ன மறைப்பு? நாளைக்கு நம்ம ஆபீசர் மேடம்கிட்ட நானே பக்குவமா சொல்றேன். ஏணியை நான் பிடிச்சுக்கறேன், நீங்க தைரியமா ஏறுங்க."

சொன்னால் செய்கிறவன். ஊரே அண்ணாந்து பார்க்க நான் ஏற வேண்டும்.

மறுநாள் காலையிலேயே பலத்த காற்று. அப்படி அடித்தால் அடியிலுள்ள பிரேக்கை இழுத்து இறக்கைகளை நிறுத்த வேண்டும். நான் இழுக்கவில்லை. அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் அவன் நாற்காலியை நான்கடி நகர்த்திப் போட்டேன், சிவப்புக்கு நேர் கீழே. அங்கே நிழலும் இருந்தது.

"அட, எனக்காகவா மச்சான்?" என்று சிரித்தபடி உட்கார்ந்தான். மேடம் பதினோரு மணிக்கு வருவார். இறக்கை பத்தே முக்காலுக்கு விழுந்தது.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். "நீ இருக்கேன்னுதான்ணே உயிரோட இருக்கேன்" என்று தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், பொய்யில்லை. இந்தப் பத்து நாளில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்களும் தேடி வரவில்லை, நானாகத்தான் வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்ததாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று மாலை மேடம் கூப்பிட்டனுப்பினார். "உங்களை விட்டா அனுபவசாலி யாரு இருக்கா? நாளைக்குக் காலைல ஏறி, மிச்சம் பதினொண்ணையும் கழட்டிடுங்க" என்றார்.

பத்து மணிக்கு ஏணி வண்டி வருகிறது, ஐயா. அதற்குள் என்னை உள்ளே தள்ளிப் பூட்டிவிடுங்கள்.