நிமிடத்துக்கு ஒரு முறை

ஃபெடரல் ஹைவேயில் இன்று ஒரே ஜாம், இன்ஸ்பெக்டர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வர ஒன்றரை மணி நேரம் பிடித்தது. மகள் இறந்ததற்கு அப்பா என்ற முறையில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றீர்கள். கையெழுத்தை அப்புறம் போடுகிறேன். முதலில் நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் செபாஸ்டியன். வயது ஐம்பத்திரண்டு. செந்தூல் ரயில்வே குடும்பம். ஹேண்ட்போன் கம்பெனி ஒன்றின் கன்ட்ரோல் அறையில் சீனியர் டெக்னீஷியன். மகதலேனா எனக்கு ஒரே பிள்ளை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. போன வருஷம், தொண்ணூற்றாறில், நான்தான் ஒரு ஹேண்ட்போனை அவள் கையில் கொடுத்து, "இழுப்பு வந்தா யோசிக்காத, உடனே கூப்பிடு" என்றேன். மூன்று மாதம் கழித்து அதே போனை எடுத்துக்கொண்டு கார்த்திகேசுவோடு போய்விட்டாள். கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். சர்ச்சும் இல்லை, பாதிரியாரும் இல்லை, வெறும் பதிவுக் கல்யாணம். இங்கே மேரு ரோட்டில், ஒரு கடைக்கு மேலே வாடகை அறை. இத்தனை வருஷம் தலையில் தூக்கி வைத்து வளர்த்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவள் லைனை நான் வெட்டவில்லை. "உங்களுக்கு நல்ல மனசுங்க" என்று என் மனைவி மார்க்கிரட்கூடச் சொன்னாள்.

பையில் சும்மா கிடக்கிற ஹேண்ட்போன் எங்கே இருக்கிறது என்று கம்பெனிக்குச் சரியாகத் தெரியாது. கிள்ளான் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். டவருக்கு டவர் 'இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே போனால் பேட்டரி தாங்காது. அதனால் அதைச் சும்மா இருக்க விட்டிருக்கிறோம். யாராவது கூப்பிட்டால்தான் அந்த வட்டாரத்து டவர்கள் எல்லாம் சேர்ந்து அதைத் தேடும். எந்த டவர் பக்கத்தில் இருக்கிறதோ அதற்கு அது பதில் சொல்லும். மணி அடிப்பதற்கு முன்பே நிறுத்திவிட்டால் போன்காரருக்கு ஒன்றும் தெரியாது. டவர் எண் மட்டும் என் திரையில் வந்து நிற்கும். பழுது பார்ப்பதற்காக எங்களுக்குக் கொடுத்திருக்கிற வசதி அது.

முதலில் காலையும் மாலையும்தான் பார்த்தேன். பெற்ற பிள்ளை பத்திரமாக இருக்கிறாளா என்று பார்ப்பதில் என்ன தப்பு? ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் வேறொரு டவர் வந்தது. மேப்பில் தேடினேன். அம்மன் கோயில் பக்கம். ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை, எவனோ ஒரு லோரிக்காரன் பேச்சைக் கேட்டுத் திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேற்று அவள் பையை என்னிடம் கொடுத்தீர்களே, அதில் கிளினிக் அட்டை இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மூச்சுக்கு மருந்து வாங்கப் போயிருக்கிறாள். கோயில், பாசார், கிளினிக் எல்லாம் அந்த ஒரு டவருக்குக் கீழேதான். டவர் வட்டாரத்தைக் காட்டும், வாசலைக் காட்டாது என்று புது ஆட்களுக்கு வகுப்பெடுக்கிறவனே நான்தான்.

அந்தக் கோபத்தில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். நிமிடத்துக்கு ஒரு முறை அவள் போனைத் தேடும். ஒவ்வொரு பதிலும் பேட்டரியில் கொஞ்சம் குடிக்கும். இரண்டு நாள் நிற்க வேண்டிய பேட்டரி மத்தியானத்தோடு தீர்ந்துவிடும். தெரியாமல் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். தெரிந்துதான் செய்தேன். அவன் வழியில் லோரியை நிறுத்திக் கூப்பிட்டால் அவள் கிடைக்கக் கூடாது. போன் கெட்டுப்போனால் அவள் என்னிடம்தானே வர வேண்டும்.

வந்தாள். ஆபீசுக்குக் கீழே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். ரொம்ப மெலிந்திருந்தாள்.

"பேட்டரி நிக்கவே மாட்டேங்குதுப்பா. ஃபுல்லா சார்ஜ் போட்டாலும் லஞ்சுக்குள்ள முடிஞ்சிடுது. கொஞ்சம் செக் பண்ணிக் குடுங்களேன்."

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "போன்ல ஒண்ணுமில்லமா. அந்த வீட்டுக் கரண்டுதான் சரியில்ல."

"இழுப்பு இப்பல்லாம் அடிக்கடி வருது. அவர் அவுட்ஸ்டேஷன் போயிட்டா பயமா இருக்குப்பா."

"அப்ப நம்ம வீட்டுக்கு வந்துடு."

அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். என்ன திமிர் என்று நினைத்தேன். புரோகிராம் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

சீனப் பெருநாள் லீவன்று எனக்கு டியூட்டி. அவள் இருந்த இடத்தில் கீழ்க்கடை பூட்டியிருந்தது, அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. பதினொன்றே முக்காலுக்கு என் திரையில் 'பதில் இல்லை' என்று வந்தது. அடுத்த நிமிடமும் அப்படியே. பன்னிரண்டரைக்குக் கார்த்திகேசு தெற்குக் கோடியில் இருக்கிற ஜொகூரிலிருந்து ஆபீசுக்குக் கூப்பிட்டான். அதுவரை அவன் என்னிடம் பேசியதே இல்லை.

"அங்கிள், லீனா போன் கிடைக்கவே மாட்டேங்குது. காலைல பேசுறப்பவே மூச்சு விட கஷ்டமா இருக்குன்னா. ப்ளீஸ் லா அங்கிள், ஒரு எட்டு போய்ப் பாருங்க."

"ஆஃப் பண்ணி வச்சிருப்பா. அவ குணம் எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அது பொய். பொத்தானை அழுத்தி அணைத்தால், அணைவதற்கு முன் போன் டவருக்கு ஒரு செய்தி அனுப்பும். பேட்டரி திடீரென்று தீர்ந்தால் அந்தச் செய்தி வராது. எனக்கு வரவில்லை. அவள் அணைக்கவில்லை, பேட்டரிதான் தீர்ந்தது, தீர்த்தவன் நான் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். கார் சாவி மேஜை மேல் இருந்தது. பெருநாளில் ரோடு காலி, அரை மணி நேரத்தில் போயிருக்கலாம். போகவில்லை. அவன் கெஞ்சியது எனக்குப் பிடித்திருந்தது, இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று இருந்தேன். மார்க்கிரட் கட்டிக் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் வந்து கதவை உடைத்தான். அவள் கையில் போன் இருந்தது என்று நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள். அதுவரையும் என் புரோகிராம் அவளைத் தேடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்த மறந்துவிட்டேன்.

மகளைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும், இன்ஸ்பெக்டர். அந்த லோரிக்காரனிடம் சொன்னதை அன்றைக்கு அவள் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடியிருப்பேன்.