மிளகு வைத்த வெற்றிலை

வெற்றிலை மடிப்பதற்கு ஒரு முறை உண்டு, ஐயா. காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை நகத்தால் உரித்து, சுண்ணாம்பை மெல்லிதாகத் தடவ வேண்டும். யாகப்பனுக்கு அதனுள் மிளகும் வைக்க வேண்டும். அப்போதுதான் தொண்டை திறக்கும் என்பான். ஒத்திகைதோறும் அதனை மடித்துக் கொடுக்கும் பொறுப்பை நானாகவே ஏற்றுக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் என்ற முறையில் தாங்கள் காரணம் கேட்கிறீர்கள். வரிசையாக எழுதித் தருகிறேன்.

என் பெயர் பெரியண்ணன். இளமையில் மாரண்டஹள்ளிச் சந்தையில் மூட்டை சுமந்தேன். அதன்பின் இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்து, தனியாகத் தேர்வெழுதித் தேறி, கல்லூரியில் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது நெருங்கியிருந்தது. பாடநூலில் உள்ளவாறே பேசப் பழகினேன். ‘வூடு’ என்னும் சொல்லை நாவிலிருந்து அகற்றவே ஓராண்டு பிடித்தது.

யாகப்பன் விடுதியில் என் அறைத்தோழன். நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிறித்தவ வேளாண் குடும்பத்துப் பிள்ளை. என்னை நாடகக் குழுவுக்கு அழைத்துச் சென்றவனும் அவனே. அவ்வாண்டு, அதாவது 1969-இல், பல்கலைக்கழக நாடகப் போட்டிக்காக எங்கள் விரிவுரையாளர் மாதேஸ்வரன் ஒரு நாடகம் எழுதியிருந்தார். அதன் தலைமைப் பாத்திரம் ஒரு சந்தைச் சுமைதூக்கி. அவ்வேடம் எனக்கே உரியது என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை.

வேடத் தேர்வில் நான் ஒரு பக்க வசனத்தைப் பிழையின்றிச் சொல்லி முடித்தேன். விரிவுரையாளர் என்னைவிட இளையவர், தயங்கித்தான் சொன்னார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க பெரியண்ணன். நீங்க பேசல. வாசிக்கறீங்க.”

பின்னாலிருந்து ஒரு மாணவன், “அண்ணன் பேசுனா பக்க நம்பரும் சேந்து கேக்குதுங்க சார்” என்றான். எல்லோரும் சிரித்தனர். யாகப்பன் மட்டும் சிரிக்கவில்லை. வேடம் அவனுக்குக் கிடைத்தது. எனக்குத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது.

அறைக்கு வந்ததும் அவன் என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினான். “அண்ணே, மூட்டயத் தூக்கறப்ப மூச்ச உள்ள இழுப்பீங்களா, வெளிய வுடுவீங்களா?” என்றான். கூலி குறைத்துக் கொடுத்தால் என்ன சொல்வோம், எவ்வாறு துப்புவோம் என்றெல்லாம் கேட்டான். நான் சொன்னேன். நான் அரும்பாடுபட்டுக் களைந்தெறிந்த நடையையும் பேச்சையும் அவன் ஒவ்வொன்றாக எடுத்து அணிந்துகொண்டான். ஒத்திகையில் அவற்றுக்குக் கைதட்டினார்கள். நான் சுமந்தபோது எவரும் கைதட்டியதில்லை.

ஒப்பனைக்காரர் குப்புராஜ் பழைய நாடகக் கம்பெனியில் இருந்தவர். ஒருநாள் தம் பெட்டியைத் திறந்து காட்டுகையில் ஒரு சிறு டப்பாவை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். “அது செந்தூரம். வெத்தலையோட உள்ள போச்சுன்னா கொரலு கட்டிப்போவும். கம்பெனியில ஒருத்தன ஒருத்தன் இப்பிடித்தான் கவுப்பாங்க” என்று சிரித்தார். எனக்கு வேண்டியதும் அவ்வளவே. குரல் சில நாள் கட்டிக்கொண்டால் போதும். வசனம் முழுவதும் மனப்பாடமாக அறிந்தவன் நான் ஒருவனே.

அந்த டப்பாவிலிருந்து அவரறியாமல் செந்தூரம் எடுத்து, முதன்முறை வெற்றிலையில் சிறிதளவே வைத்தேன். அவன் குரல் கரகரத்தது. விரிவுரையாளர் மனம் மகிழ்ந்து, சுமைதூக்கிக்கு இந்தக் குரல்தான் பொருத்தம், இதையே வைத்துக்கொள் என்றார். ஆகவே அடுத்த முறை அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று. கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “மூஞ்சி வாடிக்கெடக்குது, காச்சலாண்ணே?” என்று கேட்டுவிட்டு வாங்கி மென்றான்.

ஒத்திகையின் நடுவிலேயே விழுந்தான். மருத்துவமனைக்கு நான்தான் தூக்கிச் சென்றேன். சுமப்பது எனக்குப் பழக்கம். அங்கே அவனுக்குப் பேச்சு வரவில்லை. மருத்துவர் குனிந்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்டபோது, விரலை உயர்த்தி, வெற்றிலையால் சிவந்த தன் உதட்டைத் தொட்டுக் காட்டினான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் என்னைக் குற்றஞ்சாட்டவில்லை, ஐயா. எனக்காகப் பேசுங்கள் என்ற பார்வை அது.

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். “என்னன்னு தெரிஞ்சா உடனே வைத்தியம் பண்ணிடலாம். சொல்லுப்பா.”

நான் சொன்னேன்: “ஒண்ணும் திங்கலீங்க. வெத்தல போடுவானுங்க, அந்தச் செவப்புதானுங்க. மத்தியானம் வெயில்ல நின்னான், அதா இருக்குங்க.”

பல ஆண்டுகள் கழித்து என் வாயில் அந்தப் பேச்சு வந்தது. மருத்துவர் தலையசைத்துவிட்டு வெயிலுக்கான மருந்தை எழுதினார். என் பேச்சில் எவருக்கும் பக்க எண் கேட்கவில்லை. யாகப்பன் கண்ணை மூடிக்கொண்டான். மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனான்.

அவ்வேடத்தை நானே ஏற்றேன். போட்டியில் சிறந்த நடிகருக்கான கோப்பை கிடைத்தது. பின்னர் எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் அதே நாடகத்தை நடித்தபோது, யாகப்பனின் தாயார் மதலேனம்மாள் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து என் கன்னத்தைத் தடவினார். “எம்புள்ளையே வந்து பேசுனாப்பல இருந்துச்சு சாமி. நீ நல்லாயிருக்கோணும்” என்றார். அந்தக் கை பட்ட இடத்தை எத்தனை முறை கழுவியும் ஒப்பனை போனபாடில்லை என்றே தோன்றுகிறது. அதனால்தான் எவரும் அழைக்காமல் தங்களிடம் வந்தேன்.

குரலை மட்டுமே எடுக்க எண்ணினேன் என்று முதலில் எழுதியிருந்தேன், அதனை அடித்துவிட்டேன். மருத்துவர் கேட்ட பிறகும் உண்மையை மறைத்தவன் குரலை மட்டும் எடுத்தவன் ஆகான். யாகப்பனை நான் கொன்றேன்.

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. நீதிமன்றத்தில் இதனை எழுத்தரைக் கொண்டு வாசிக்கச் செய்ய வேண்டாம், ஐயா, நானே சொல்கிறேன். இப்போதெல்லாம் எனக்கு வாசிப்பதுபோல் வருவதில்லை.