வெடிமருந்து அறையில் மூன்று தட்டு

காபி நன்றாக இருக்கிறது, ஐயா. சூடாகவும் இருக்கிறது. எங்கள் படகில் நோல்பெர்த்தோ விற்ற காபி எப்போதும் வெதுவெதுப்புதான். அவனைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், நீங்கள் குறுக்கே புகாமல் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள். அது ஒன்றுதான் நான் கேட்பது.

இருபத்திரண்டு கோடைகளாக, கோட்டைகளைச் சுற்றிக்காட்டும் படகில் பயணிகளுக்குக் கதை சொல்கிறேன். வால்திவியா துறையில் ஏறினால் ஆற்றோடு இறங்கி, வளைகுடாவில் நியெப்லா, எதிரே கொரால், கடைசியில் மன்சேரா தீவு. மூன்று இடத்திலும் கோட்டை. கோட்டை என்றால் என்ன, ஈரக் கல்லும் துருப்பிடித்த பீரங்கியும்தான். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நான் வாயைத் திறந்தால்தான் அதற்கு உயிர் வரும்.

நோல்பெர்த்தோ ஒன்பது வருடமாகக் காபியும் ஆப்பிள் கேக்கும் விற்றான். தட்டோடு முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போவான். நியெப்லா வந்ததும் நான் அந்தப் பெரிய பீரங்கியைப் பற்றி ஆரம்பிப்பேன். எதிரிக் கப்பலைக் கண்டார்கள், குறி பார்த்தார்கள், திரியைப் பற்றவைத்தார்கள் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவன் குனிந்து பயணிகளிடம் சொல்வான்: "குண்டு போயி அவங்க சொந்த சமையக்கட்டுலயே விழும் பாருங்க. சக்கரை எத்தன கரண்டி?"

ஜனங்கள் அங்கேயே சிரித்து முடித்துவிடுவார்கள். நான் முடிவைச் சொல்லும்போது எல்லோரும் கேக்கை மென்றுகொண்டிருப்பார்கள். எனக்கு வயிறு எரியும். ஆனால் கோபப்படுகிற ஆள் இல்லை நான். தனியாக அழைத்துத் தன்மையாகச் சொன்னேன்.

"அட விடுங்கண்ணே," என்றான். "முடிவு தெரிஞ்சுட்டா ஜனங்க நிம்மதியா காபி குடிப்பாங்க."

மன்சேராவில் என் சார்ஜென்ட் இருக்கிறார். அவர் என் சொந்தக் கற்பனை. ஒரு மழைநாளில் கூட்டம் சலித்து நின்றபோது உண்டாக்கினேன். வெடிமருந்து அறைக்குள் பீப்பாய்களை எண்ணப் போனவரை மறந்து, வீரர்கள் வெளியே பூட்டிவிட்டு ஓடிப்போனார்கள். இன்னும் உள்ளிருந்து தட்டுகிறார். இதைச் சொல்லிவிட்டு என் கோலால் கதவை ஒரு தரம் இடித்து, "சார்ஜென்ட், இருக்கிறீரா?" என்று கேட்பேன். அப்போது ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். அந்தக் கணத்துக்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறேன், ஐயா. அந்தக் கணத்தில் இவன் பின்னாலிருந்து, "யாரும் தட்ட மாட்டாங்க, வாங்க வாங்க, கேக்கு காஞ்சு போவுது," என்பான்.

பயணிகள் மேலே மதில் ஏறிப் படம் எடுக்கும்போது அந்த அறைக்குள் பத்து நிமிடம் கண்ணயர்வது அவன் வழக்கம். சாவி என்னிடம்தான் இருக்கும். திங்கட்கிழமை அவன் உள்ளே தூங்கும்போது அதைப் பூட்டில் திருப்பினேன்.

துறையில் காவலர் ஆட்களை எண்ணுவதில்லை, ஆரஞ்சு மிதவைச் சட்டைகளைத்தான் எண்ணுகிறார். நல்லவேளையாகத் தீவிலிருந்து எர்சிலியா அக்கா பல்செட் வாங்க ஊருக்கு வரவேண்டியிருந்தது. நோல்பெர்த்தோ கழற்றி வைத்திருந்த சட்டையை அவருக்குப் போட்டுவிட்டேன். இருபத்தேழு போயிற்று, இருபத்தேழு வந்தது. முதலாளி கேட்டதற்கு, அவன் ஒசோர்னோவில் மகளைப் பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னேன்.

ஒரு நாள் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் செவ்வாயன்று கோலால் இடித்துக் கேட்டேன். உள்ளிருந்து மூன்று தட்டு வந்தது. ஒரு பல்மருத்துவர் மனைவியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். பிறகு கைதட்டினார்கள் பாருங்கள், இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. திங்கள் முழுக்கக் கத்தியதில் அவனுக்குத் தொண்டை போயிருந்தது. அதுவும் நல்லதாயிற்று. கதையில் சார்ஜென்ட் பேசுவதில்லை.

பட்டினி போட்டேன் என்று எழுதாதீர்கள். அறைக்குக் கடல் பக்கமாகக் கையளவு ஒரு காற்றுத் துளை உண்டு, காற்று வர அது ஒன்றுதான் வழி. அதன் வழியாக ரொட்டியும் காபியும் கொடுத்தேன். சூடான காபி. நான் கேட்ட பிறகு மூன்று தட்டு, அதற்கு முன்னால் சத்தம் கூடாது என்று பேசிக்கொண்டோம். புதனன்று அருமையாகச் செய்தான். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக என் முடிவுக்காகக் காத்திருந்தான். எனக்கு அவன்மேல் பிரியமே வந்துவிட்டது.

வியாழனன்று என் கதையில் சார்ஜென்ட் இன்னும் இரவுச் சாப்பாட்டில் இருக்கிறார். கதவு பூட்டப்படவே இல்லை. அதற்குள் உள்ளே தட்டத் தொடங்கிவிட்டான். மூன்று இல்லை, எண்ண முடியாதபடி.

"அதுக்குள்ள செத்துட்டாரா?" என்று ஒரு பெண் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ரொட்டியோடு துளைப் பக்கம் போனேன். ஏன் அவசரப்பட்டாய் என்று கேட்டேன்.

"அண்ணே," என்றான். குரல் காற்றாகத்தான் வந்தது. "குளுருதுண்ணே. முடியல. இன்னைக்கு கதைய சீக்கிரம் முடிச்சுடுங்க."

கதையைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னான், ஐயா. என்னிடம்.

ரொட்டியைக் கடல்காகங்களுக்குப் போட்டேன், எதையும் வீணாக்குகிறவன் இல்லை. கீழே போய் ஈரக் களிமண் அள்ளிவந்தேன். துளைக்குச் சரியாக ஒரு கல்லும் கிடைத்தது. உள்ளே அவன் விரலால் மூன்று முறை தட்டினான், இந்தத் தடவை ஒழுங்காக. ஆனால் "இருக்கிறீரா?" என்று நான் இன்னும் கேட்கவில்லையே. பிறகு நான்...

உங்கள் பேனா நகர்ந்துவிட்டது. முடிவை முழு வரியாக எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டீர்கள். அதை நான் இன்னும் சொல்லவே இல்லை, ஐயா.

இல்லை, இல்லை, உட்காருங்கள். கோபப்படுகிற ஆள் இல்லை நான்.