லிட்டருக்கு முப்பது

பெட்ரோலை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. அதைத் தவிர எனக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். சிங்காநல்லூரில் எங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள், ஆதர்ஷ் என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். என் மனைவி ஹாரிகா கொடுத்த புகாரில் உள்ளதெல்லாம் உண்மைதான். ஆனால் கோபத்தில் முன்பின்னாக எழுதியிருக்கிறாள். நடந்தது நடந்தபடி நான் சொல்கிறேன்.

என் கார் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் இதை ஏற்றுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். என்னால் முடியவில்லை. இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. எவ்வளவு பெட்ரோல் விடுவது என்பதை வண்டிக்குள் இருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதை மாற்றிப் பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டினால், அதே லிட்டரில் இன்னும் கொஞ்சம் போகலாம். லீன் பர்ன் என்பார்கள். உக்கடத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நசுருதீன் பாயிடம் கேட்டேன்.

"கொஞ்சமாக் குறைக்கலாமுங்க. ரொம்பக் குறைச்சுப்போட்டா இன்ஜின் சூடாயி வால்வு எரிஞ்சு போயிரும். மேடு ஏறாது. வேகம் எடுக்காதுங்க."

எனக்கு எங்கும் வேகமாகப் போக வேண்டியதில்லை என்று சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

லேப்டாப்பை இணைத்து நானே குறைத்தேன். பல்லடம் ரோட்டில் ஓட்டியபோது இருபத்திரண்டு வந்தது. மேலும் குறைத்தேன். ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட்டு மெத்தை எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்தேன். ஹாரிகாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இருபத்தாறு. கறிக்கோழி ஏற்றிய லாரிகள் ஹாரன் அடித்தபடி எங்களைத் தாண்டிப் போயின. சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் ஜன்னல் பக்கம் குனிந்து, "ஏனுங்க, வண்டி தள்ளி உடோணுங்களா?" என்று அன்போடு கேட்டார். ஹாரிகா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். முப்பதைத் தொட்டுவிடலாம் என்று எனக்கு அன்றுதான் தோன்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை வால்பாறையில் காதுகுத்து. என் மச்சினி சாய்ப்ரியா அங்கே நர்ஸாக இருக்கிறாள், அவளுடைய குழந்தைக்கு. அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது என்பதால் தாத்தா மடியில் உட்கார வைத்துக் குத்துவதாக ஏற்பாடு. தாத்தா என்றால் என் மாமனார் திருமலைசாமி. நல்ல மனிதர். நல்ல எடை.

போகவர முப்பது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். ஏற்றத்தில் குறைவதை இறக்கத்தில் பிடித்துவிடலாம். ஏசியைப் போடவில்லை. ஜன்னலைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கும், அதனால் அதையும் திறக்கவில்லை. பின்னால் மடித்த கம்பளியின் மேல் உட்கார்ந்திருந்த மாமனார் கிணத்துக்கடவு தாண்டும்போதே நனைந்துவிட்டார்.

"மாப்பிள்ள, ஜன்னலயாவது எறக்குங்க. மூச்சு முட்டுதுங்க."

"வேர்க்கட்டுங் மாமா. ஒடம்புக்கு நல்லதுதான்," என்றேன். வேர்வைக்கும் எடை உண்டு, ஆனால் அது வண்டிக்குள்ளேயே தங்கிவிட்டது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் இன்ஜின் இருமியது. ஒரு வளைவில் நின்றேவிட்டது. மாமனார் பேரனுக்கு வாங்கிய பலாப்பழத்தையும் நடைவண்டியையும் ஓரக்கல்லின் மேல் இறக்கி வைத்தேன். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றேன். குரங்குகள் அதுவரை காத்திருக்கவில்லை. இரண்டு வளைவு ஏறியது, மறுபடி நின்றது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் இருந்தது. நான் குறைத்ததைக் கேள்விப்பட்டு, நான் கேட்காமலேயே நசுருதீன் பாய் வைத்துக் கொடுத்தது. அதை அமுக்கினால் பெட்ரோல் பழைய அளவில் பாயும், வண்டி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சாதாரணமாக மலை ஏறும். மாமனாருக்கும் அது தெரியும்.

"அந்தப் பட்டன அமுக்கிப்போடுங்க மாப்பிள்ள."

"அது அவசரத்துக்குங் மாமா. கொஞ்சம் எறங்கிக்கிறீங்களா?"

"தள்ளோணுங்களா?"

"வேண்டாங் மாமா. நின்னுக்குங்க, போதும்."

பாவம், உடனே இறங்கினார். அடுத்த வளைவில் காத்திருப்பேன் என்று நினைத்திருப்பார். ஹாரிகா கதவைத் திறந்தாள். "அப்பாவ ரோட்டுல உட்டுப்போட்டு நான் எப்படீங்க வருவேன்? யானை நடமாடுற எடமுங்க இது," என்று சொல்லி அவளும் இறங்கிக்கொண்டாள். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், மேடம். அவளை நான் இறங்கச் சொல்லவே இல்லை. கைப்பையையும் போனையும் சீட்டிலேயே மறந்துவிட்டாள். அவை லேசானவைதான், பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

வண்டி அழகாக ஏறியது. ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளப்புவதைப் போலப் பெட்ரோல் குடிக்கும் காரியம் வேறில்லை. அதனால் அடுத்த வளைவில் நிறுத்தவில்லை. அதற்கடுத்த வளைவிலும் நிறுத்தவில்லை. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

வால்பாறையில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய குழந்தை, யார் மடி என்று தெரியாமல் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது.

"அப்பாவும் அக்காவும் எங்க மாமா?" என்று சாய்ப்ரியா கேட்டாள்.

"வந்துட்டிருக்காங்க," என்றேன்.

அவள் காருக்குள் எட்டிப் பார்த்தாள். சீட்டில் அக்காவின் போன் கிடந்தது. அவள் முகம் மாறியதும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. என் மடி சும்மாதான் இருக்கிறது, வேண்டுமானால் உட்கார வைக்கலாம் என்றும் சொன்னேன். அவள் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "மொதல்ல போய் அவங்களக் கூட்டிட்டு வாங்க," என்று கத்தினாள். "இதா, கூட்டிட்டு வாரேன்," என்று சொல்லிக் கிளம்பினேன். கூட்டி வருவதாகத்தான் இருந்தேன்.

இறக்கம் தொடங்கியதும் இன்ஜினை அணைத்தேன். இலை விழும் சத்தம்கூடக் கேட்கும் அளவுக்கு அமைதி. மீட்டரில் எண் ஏறிக்கொண்டே வந்தது. இருபத்தேழு, இருபத்தெட்டு. இருபத்தொன்பதைத் தாண்டியபோது, பனிக்குள் அவர்கள் இருவரும் ரோட்டோரம் நின்று கை காட்டுவது தெரிந்தது. மாமனார் சிரித்தார். நான் வந்துவிட்டேன் என்ற சிரிப்பு.

பிரேக் பிடிக்கவில்லையா என்று நீங்கள் கேட்டீர்கள். பிடித்திருக்கும். நான் காலை வைக்கவில்லை. பிரேக் என்பது, எரிந்து முடிந்த பெட்ரோலை எடுத்துச் சக்கரத்தில் சூடாகத் தேய்த்து வீணாக்கும் கருவி. மேலும், அவர்களை ஏற்றினால் அந்த மலையை மறுபடி ஏற வேண்டும், அதுவும் எடையோடு. ஆகவே ஹாரன் அடித்தேன். அவர்கள் கவலைப்படக் கூடாதே என்று.

மாமனார் பின்னால் ஓடி வந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்த வயதுக்கு நன்றாகவே ஓடினார். ஓரக்கால்வாயில் விழுந்ததையும் பார்த்தேன். ஹாரிகா அலறியது கேட்டது, வண்டியில் வேறு சத்தம் இல்லையே. பின்னால் வந்த அரசு பஸ்ஸில்தான் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். பஸ் என்பது நல்ல யோசனை. அது எப்படியும் வரப்போகிற வண்டி.

ஆழியாறு சோதனைச் சாவடியில் கார் தானாக ஓடி நின்றது. முப்பது. புள்ளிக்குப் பின்னாலும் கொஞ்சம் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரிடமாவது காட்டலாம் என்று திரும்பிப் பார்த்தேன். காருக்குள் ஒருவரும் இல்லை. ஒரு மனிதனின் வாழ்க்கையில் எப்போதோ வருகிற நல்ல நேரம், அப்போது பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள் இல்லாமல் போய்விட்டார்களே என்பதுதான், மேடம், அவர்கள் மேல் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம்.