காலையில் ஒன்று, சாப்பிட்ட பின்

உங்கள் அம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது, எந்நேரமும் களைப்பாக இருக்கிறார், விற்றமின் ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள், மகள். அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். முதலில் இரத்தம் சோதித்துப் பாருங்கள். இரும்புச் சத்துக் குறைவா, தைரொயிட்டா, சீனியா என்று தெரியாமல் குளிசை விழுங்குவதில் பிரயோசனமில்லை. குறைவென்று வந்தால் டொக்டர் எழுதித் தருவார், அதை மட்டும் எடுக்கட்டும். மற்றபடி முள்ளோடு சாப்பிடக்கூடிய சின்ன மீன், முருங்கை இலைச் சுண்டல், காலை வெயிலில் கொஞ்ச நேரம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் ஒரு பத்து நிமிடம் கதைத்தாலும் களைப்புக் குறையும். அதை எந்த டொக்டரும் எழுதித் தருவதில்லை.

இதைத்தான் பத்தொன்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். கல்முனை பஸாரில் ஒரு பாமசியில் வேலை செய்தேன். நாற்பத்தைந்து தாண்டிய பெண்கள் கைப்பேசியில் ஏதாவது ஒரு போத்தலின் படத்தைக் காட்டி, இது நல்லமா என்று கேட்பார்கள். உங்களுக்கு இது தேவையில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். முதலாளிக்கு அதில் மனக்குறை இருந்தது. ஆனால் றபீக்கா சொன்னால் நம்பலாம் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயர் இல்லாவிட்டால் நதீரா என்னிடம் கேட்டிருக்கவே மாட்டாள். அவள் ஒருத்திக்குத்தான் நான் வேறு பதில் சொன்னேன்.

நீங்கள் காரைதீவு என்றபடியால் எங்கள் வழக்கத்தை விளக்கத் தேவையில்லை. உங்களிடமும் அதே வழக்கம்தானே. வீடு பெண் பிள்ளைக்கு. மகன் கலியாணம் முடித்தால் மனைவி வீட்டில் போய் இருப்பான். பெண் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மகன் கூடுதலாகக் கிடைப்பான். எனக்கு றிஸ்மி மட்டும்தான். சுனாமிக் கடல் வந்த வருடம் அவனுடைய வாப்பா அதில் போய்விட்டார், அப்போது அவனுக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு இருபது வருடம் நானும் அவனும்தான் மருதமுனையில் அந்த வீட்டில் இருந்தோம். அவன் இல்லாமல் நான் ஒரு நேரம் சோறு தின்றதில்லை.

சாய்ந்தமருதில் அவனுக்கு ஹிமாயாவைப் பேசி முடித்ததும் நான்தான். நல்ல பிள்ளை, அவளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஹிமாயாவின் தாய்தான் நதீரா. கணவர் கத்தாரில் இருந்தார். அவளுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. சில வருடங்களுக்கு முன்பு கொழும்பில் அவளுடைய நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். அதனால் இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு குளிசை குடிக்க வேண்டும், மாதம் ஒரு தடவை கிளினிக்கில் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். வரும் எண் ஓர் அளவுக்குள் நிற்க வேண்டும். கூடினால் இரத்தம் ஓடும், குறைந்தால் கட்டிபடும். கலியாணத்துக்கு முன்பே இதையெல்லாம் அவள் மறைக்காமல் சொன்னாள். அப்போது அவளில் எனக்கு மரியாதைதான் இருந்தது.

றிஸ்மி வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து என்னிடம் வருவான். முதல் மாதங்களில் வயிறு நிறையச் சாப்பிட்டான். பிறகு கோப்பையில் கொஞ்சம் சோறு போட்டுக் கிளறிவிட்டு, காலையில் அங்கே பலமாகச் சாப்பிட்டதாகச் சொன்னான். ஒரு நாள் பாகற்காய்க் கறி நல்லதென்று பேச்சுவாக்கில் சொன்னான். இருபது வருடம் நான் கெஞ்சியும் வாயில் வைக்காதவன். நதீரா எப்படிச் சமைக்கிறாள் என்று கேட்டேன். தேங்காய்ப்பாலில், கொஞ்சம் மாசிக் கருவாடு போட்டு என்றான். நானும் அப்படித்தான் சமைத்தேன்.

இன்னொரு நாள் போனில் கதைத்துக்கொண்டிருந்தோம். இடையில், "வைக்கிறன், உம்மா கூப்பிடுறாங்க" என்றான். நான் கூப்பிடவில்லையே என்று ஒரு கணம் யோசித்தேன். அவன் போனை வைத்த பிறகுதான் விளங்கியது. எங்கள் ஊரில் மாமியை மாமி என்று கூப்பிடுவதுதான் முறை. அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

நான் பொறாமைக்காரி என்று வாக்குமூலத்தில் எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள். ஆனால் நான் யாரோடும் சண்டை பிடித்ததில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. கிளினிக் நாளில் நதீராவின் எண்களை எழுதும் கொப்பியை அவன் கையில் வைத்துக்கொண்டு நிற்பதை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தடவை பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றியபோது குனிந்து எடுத்து ஓரமாக வைத்தான். எனக்கு முழங்காலில் நோவென்று சொன்னால், ஓட்டோ பிடித்துப் போங்கள் உம்மா என்பான். அன்றைக்கு நான் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். அவ்வளவுதான்.

அவள் கேட்டது போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு மாதம் இருக்கும். என் வீட்டுக்கு வட்டிலப்பம் கொண்டு வந்திருந்தாள். கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். தலைமயிர் கொட்டுகிறது, கால் இழுக்கிறது, பகலிலும் நித்திரை வருகிறது என்றாள். பிறகு கேட்டாள்.

"மச்சி, நம்மட வயசுப் பொம்பிளையளெல்லாம் விற்றமின் எடுக்காங்களே. எனக்கும் ஏதும் எடுக்கலாமா? மகன்தான் சொன்ன, உம்மாட்டக் கேளுங்க, அவ சொன்னாச் சரியா இரிக்குமெண்டு."

மகன் என்று அவள் சொன்னது றிஸ்மியை. அவளுக்கும் சரியான பதிலைத்தான் முதலில் சொன்னேன். இதை நீங்கள் எழுத வேண்டும். உங்களுக்கு அந்தக் குளிசை நடக்கிறது, கிளினிக்கில் கேட்காமல் எதுவும் எடுக்கக்கூடாது என்றேன். அவள் தலையாட்டினாள். பேச்சு வேறு பக்கம் போனது. அப்படியே எழும்பிப் போயிருந்தால் இன்றைக்கு நானும் நீங்களும் இந்த மேசையில் இருக்க மாட்டோம். ஆனால் அவள் நல்ல மனசுக்காரி, ஒன்றையும் மறைக்கத் தெரியாது.

"இப்ப சொன்னாப் பறவாயில்ல, மச்சி" என்றாள். "போன மாசம் மகனுக்கு டெங்கு வந்து அஞ்சு நாள் கிடந்த. தலமாட்டிலேயே இருந்து நான்தான் பாத்த. ஒங்களுக்குச் சொல்ல வேணாமெண்டு அவர்தான் சொன்ன. நீங்க தனிய இரிக்கிற, பயந்திருவீங்களெண்டு."

அந்த ஐந்து நாளும் அவன் என்னோடு போனில் கதைத்திருந்தான். வேலை கூட என்று சொன்னான். குரல் அடைத்திருந்தது, தூசியாக்கும் என்று நினைத்தேன். அவனுக்கு அம்மை போட்டபோது, கை முறிந்தபோது, பரீட்சைக்கு முதல் நாள் வயிற்றோட்டம் வந்தபோது, எல்லா நேரமும் நெற்றியில் கை வைத்தவள் நான். அவன் காய்ச்சலில் யாரைக் கூப்பிட்டிருப்பான் என்று யோசித்தேன். உம்மா என்றுதான் கூப்பிட்டிருப்பான். அவள் வந்திருப்பாள்.

அவளுக்குப் பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன். பிறகு சொன்னேன், யோசித்துப் பார்த்தால் உங்களுக்கு ஒன்று பொருத்தமாக இருக்கும், நான் பார்த்துத் தருகிறேன் என்று.

நடுத்தர வயதுப் பெண்களுக்கென்று வெளிநாட்டில் இருந்து வரும் போத்தல்கள் பல இருக்கின்றன. நல்ல பொருட்கள்தான், யாருக்கும் டொக்டரின் துண்டில்லாமலே கொடுக்கலாம். சிலவற்றில் எலும்புக்கென்று, கீரையிலும் இருக்கிற ஒரு விற்றமின் சேர்த்திருப்பார்கள். மற்றப் பெண்களுக்கு அதனால் கெடுதியில்லை. அவள் குடிக்கும் குளிசையை மட்டும் அது வேலை செய்யவிடாது. இதைப் பாமசியில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். போத்தலோடு கொடுத்தால் ஹிமாயா பின்பக்கத்தை வாசிப்பாள். அதனால் குளிசைகளைச் சின்னக் கடதாசிக் கவரில் போட்டு, மேலே என் கையால் எழுதிக் கொடுத்தேன். காலையில் ஒன்று, சாப்பிட்ட பின்.

கிளினிக்கில் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். விற்றமின் என்றாலே நிற்பாட்டச் சொல்வார்கள், பிறகு பழையபடி களைப்புத்தான் என்றேன். மகனிடம் சொன்னால் அவன் டொக்டரிடம் சொல்லிவிடுவான், இது நமக்குள் இருக்கட்டும் என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. நம் இருவருக்கும் இடையில் ஒரு இரகசியம் இருப்பது அவளுக்குச் சந்தோஷம். என்னோடு நெருங்க வேண்டுமென்று அவளுக்கு நீண்ட நாள் ஆசை.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவளுக்கு நன்றாக ஆனது. களைப்புப் போனது, முகம் தெளிந்தது. உண்மையில் அவளுக்குச் சத்துக் குறைவு இருந்திருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை றிஸ்மி, மாமி இப்போது எவ்வளவு வடிவாக இருக்கிறா பாருங்கள் என்று போனில் படம் காட்டினான். அன்றைக்கு மாமி என்றுதான் சொன்னான். ஆனாலும் அந்தப் படத்தை நான் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தேன்.

அடுத்த மாதம் கவரில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று எழுதினேன்.

எண் குறையத் தொடங்கியது. கிளினிக்கில் குளிசையைக் கூட்டினார்கள். திரும்பவும் குறைந்தது. புதிதாக ஏதும் எடுக்கிறீர்களா என்று டொக்டர் கேட்டாராம், இல்லை என்றாளாம். எனக்குக் கொடுத்த வாக்கை அவள் காப்பாற்றினாள். இதையெல்லாம் றிஸ்மிதான் எனக்குச் சொன்னான். வெள்ளிக்கிழமைகளில் கொப்பியையே கொண்டு வந்து என் மடியில் விரித்து வைத்தான்.

"உம்மா, கீரையும் குறைச்சிட்டம், குளிசையும் நேரத்துக்குக் குடிக்கா. பிறகென்ன இது குறைஞ்சி குறைஞ்சி வருது?"

நீங்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற இடம் இதுதான். அந்த நேரம் ஏன் சொல்லவில்லை என்று. உண்மையைச் சொல்கிறேன். கலியாணத்துக்குப் பிறகு அவன் என் பக்கத்தில் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவனுடைய தோள் என் தோளில் பட்டது. நான் எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தேன். உடம்புக்கு உடம்பு வித்தியாசம் மகன், அடுத்த மாதம் சரியாகும் என்றேன். அன்றைக்கு அவன் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அடுத்த கவரை அனுப்பினேன்.

அவள் விழுந்தது ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணியளவில். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாளாம், சொல் வரவில்லையாம். இரத்தக் கட்டி மூளைக்குப் போய்விட்டது. றிஸ்மி அவளைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினான் என்று சொன்னார்கள். ஆறு நாள் கிடந்தாள், பிறகு மௌத்தானாள். ஆறு நாளும் அவன் ஆஸ்பத்திரியில் வெளி வாங்குப் பலகையில் படுத்தான்.

மையித்தைக் குளிப்பாட்டப் பெண்கள் கூடியபோது நானும் நின்றேன். சம்மந்தி நிற்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்? தண்ணீரை மெதுவாகத்தான் ஊற்றினேன். தலைமயிரைப் பிரித்து அலசினேன். அடர்த்தியாக இருந்தது, ஒரு மயிர் கையோடு வரவில்லை. வெளியே றிஸ்மி அழுகிற சத்தம் கேட்டது. வாப்பா போனபோது அவன் இப்படி அழவில்லை. நான் மௌத்தானால் எப்படி அழுவான் என்று எண்ணிக்கொண்டுதான் கபன் துணியை நீவிவிட்டேன்.

இருபது நாள் கழித்து ஹிமாயா தாயின் அலுமாரியை ஒதுக்கும்போது கவர்கள் கிடைத்தன. எல்லாவற்றையும் நதீரா பத்திரமாக அடுக்கி வைத்திருந்தாள், வெறும் கவரைக்கூட எறியவில்லை. றிஸ்மி மிச்சமிருந்த குளிசையைக் கிளினிக்கில் காட்டிக் கேட்டுவிட்டு, அவற்றை எடுத்துக்கொண்டு வந்தான். அது செவ்வாய்க்கிழமை. நான் கூப்பிடாமல் அவன் தானாக வந்த நாள்.

மேசையில் கவர்களைப் பரப்பி வைத்தான். உட்காரவில்லை.

"இது ஒங்கட எழுத்தா, உம்மா?"

"ஓம்."

"இது அவக்குக் கூடாதெண்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அவனுக்கு நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

அவன் கவர்களைத் திரும்பக் கூட்டி எடுத்துக்கொண்டு போனான். நேராகப் பொலிஸுக்கு, உங்களிடம்தான் வந்தான் என்று பிறகு தெரிந்தது. அதில் எனக்குக் கோபமில்லை. நேர்மையான பிள்ளையாக வளர்த்தவள் நான்தானே.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்ததில்லை. எண் குறைவதைப் பார்த்துக்கொண்டேதான் கொடுத்தேன். அவள் சாக வேண்டுமென்றுதான் கொடுத்தேன். அவள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் அவனுக்கு உம்மா என்று கூப்பிட ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் பிழையில்லை. இங்கே காட்டுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும், மகள். மறியலில் அடைபட்டிருக்கிறவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டு வர விடுவார்கள் என்று வெளியே ஒருவர் சொன்னார். றிஸ்மிக்கு அறிவித்துவிடுங்கள். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், அவனே வரட்டும். நான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்து இப்போது அவனும் பயந்துபோய்த்தான் இருப்பான்.