வீட்டுக்குள் நின்ற புள்ளி

ஷிஃப்ட் முடிந்து சானமாவு பக்கம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் கம்பெனி யூனிஃபார்மோடு இரண்டு பெண்கள்.

“காலைல வேலைக்கு வந்தப்புறம் போன்ல ஃபாரஸ்ட்காரங்க மேப்ப பாத்தா, யானை எங்க வீட்டுக்குள்ள நிக்குதுக்கா.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“வீட்டுக்குள்ளயா?”

“அது கழுத்துல ஒரு காலர் மாட்டியிருக்காங்கல்ல, போற எடமெல்லாம் சாட்டிலைட்டு காட்டுமே. புள்ளி நேரா எங்க கூரை மேல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எங்கூட்டுக்காரரு போன எடுக்கவே இல்ல.”

“அய்யோ, அப்புறம்?”

“மத்தியானம்தான் எடுத்தாரு. மாடு மேய்க்கப் போன எடத்துல காலர் கழண்டு கெடந்துச்சாம். ஃபாரஸ்ட்காரங்ககிட்ட குடுக்கலாம்னு கொண்டாந்து பீரோ மேல வச்சிருக்காரு. அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு.”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். வெளியே காடு தொடங்கியிருந்தது.

“ஆமா, இப்ப அந்த யானை எங்கடி?”